ஆசிக்ஸ் கயானோ 30: ஒரு தட்டைப் பாதக்காரியின் அனுபவம்

கடையில் போட்டு நின்று பார்க்கும்போது இந்த ஷூவின் அருமை முழுதாகத் தெரியாது. மெத்தென்று இருக்கிறது என்று தோன்றும், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் ஓடி, தொடை கனத்து, பாதம் தன்னிஷ்டத்துக்குச் சாயத் தொடங்கும் நேரத்தில்தான் இது என்ன செய்கிறது என்பது புரியும். அதனால் என் மதிப்பீட்டையும் அந்த நேரத்தை வைத்தே சொல்கிறேன்.

எனக்குப் பிறவியிலேயே தட்டைப் பாதம். ஈரக்காலோடு சிமென்ட் தரையில் நடந்தால் முழுப் பாதமும் பதியும். உள்பக்கம் வளைந்து விடுபடும் இடமே இருக்காது. அன்னூர்ப் பக்கம் தோட்டத்தில் செருப்பில்லாமல் ஓடியாடி வளர்ந்ததால் விரல் பகுதியும் நன்றாக அகன்றுவிட்டது. இப்போது கோவையில் கணக்கு டீச்சர். பள்ளியில் பெரும்பாலும் நின்றபடியே வேலை. நாற்பது வயதைத் தாண்டித்தான் ஓட ஆரம்பித்தேன். கொஞ்சம் தூரம் கூடியதும் வலது கணுக்காலின் உள்பக்கம், எலும்பு முட்டுக்குச் சற்றுக் கீழே, ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. உள்ளங்கால் வளைவைத் தூக்கிப் பிடிக்கும் தசைநாண் அந்த வழியாகத்தான் போகிறது, அது அதிகமாக வேலை செய்கிறது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். கெண்டைக்கால் பயிற்சிகள் சிலவற்றைக் கொடுத்து, ஷூவையும் மாற்றிப் பார்க்கச் சொன்னார்.

கயானோ ‘ஸ்டெபிலிட்டி ஷூ’ என்ற வகையைச் சேர்ந்தது. அப்படியென்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தரையில் கால் பட்டதும் பாதம் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்வது எல்லோருக்கும் நடப்பது. உடம்பு அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் வழிகளில் அதுவும் ஒன்று, நோய் அல்ல. சிலருக்கு அந்தச் சாய்வு அதிகமாக இருக்கும், அல்லது பாதம் திரும்பி நிமிர நேரமெடுக்கும். அவர்களை மனதில் வைத்துச் செய்யப்படுபவைதான் இந்த வகை ஷூக்கள். பழைய முறையில் சோலின் உள்பக்கத்தில் மட்டும் கெட்டியான நுரையை வைப்பார்கள். பாதம் உள்ளே சாயும்போது அது கல் மாதிரி தடுக்கும். என் முந்தைய ஷூ அப்படிப்பட்டதுதான். வளைவுக்குக் கீழே ஏதோ முட்டிக்கொண்டிருப்பது போன்ற உணர்வு ஓட்டம் முழுக்கப் போகாது.

கயானோ வரிசை 1993இல் தொடங்கியது. ஆசிக்ஸ் ஜப்பானின் கோபே நகரத்து நிறுவனம். வடிவமைத்தவரின் பெயரே ஷூவுக்கும் வந்தது. பல வருடங்களாக இதிலும் உள்பக்கத்தில் கெட்டி நுரைதான் இருந்தது. 2023இல் வந்த முப்பதாவது பதிப்பில்தான் அணுகுமுறையை முழுதாக மாற்றினார்கள். கெட்டி நுரை போய்விட்டது. சோலின் அடித்தளம் பாதத்தைவிட வெளியே நன்றாக அகன்று நிற்கிறது. வளைவுக்குக் கீழே, எதிர்பார்ப்புக்கு நேர் மாறாக, மற்ற இடத்தைவிட மென்மையான ஒரு நுரைத் துண்டு. பாதம் அதன் மேல் அமுங்குகிறது, பிறகு அது எழும்பி வந்து பாதத்தை நிமிர்த்துகிறது. ‘4டி கைடன்ஸ் சிஸ்டம்’ என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரை விடுங்கள், உள்ளே இருக்கும் யோசனை நல்ல யோசனை: தடுக்காமல், சாய விட்டு, திரும்பி வர உதவுவது.

சரி, காலில் போட்டால் எப்படி இருக்கிறது?

முதல் நாள் ஓட்டத்தில் எனக்குத் தோன்றியது உயரம். குதிகால் பக்கம் சோல் 40 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கிறது. முன்பாதம் அதைவிட 10 மில்லிமீட்டர் தாழ்வு. தட்டையான ஷூவில் பழகியவர்களுக்கு ஒரு படி மேலே நின்று ஓடுவது போல இருக்கும். ஆனால் ஆட்டம் இல்லை. உயரமும் மென்மையும் சேர்ந்தால் பொதுவாகக் கணுக்கால் தள்ளாடும். இதில் அடி அகலமாக இருப்பதால் அந்தப் பயம் சீக்கிரமே போய்விட்டது. குதிகாலைச் சுற்றியிருக்கும் பஞ்சு நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. எனக்குக் குதிகால் ஒடுக்கம், விரல் பகுதி அகலம் என்பதால் பெண்களுக்கான அகல அளவையே எடுத்தேன். மேலே கடைசியாக இருக்கும் கூடுதல் ஓட்டையிலும் லேஸைக் கோத்துக் கட்டினால் குதிகால் மேலே எழும்புவதில்லை. பலர் அந்த ஓட்டையைத் தொடுவதே இல்லை. அது அதற்காகத்தான் இருக்கிறது.

ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் பிரச்சினையே இல்லை. சமதளம், இரண்டரை கிலோமீட்டர் சுற்று, மர நிழல். அங்கே எந்த ஷூவும் நல்ல ஷூதான். உண்மையான சோதனை வண்டி ஓடும் சாலையின் ஓரத்தில். நம் சாலைகள் மழைத்தண்ணீர் வடிய நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரிந்திருக்கும். இடதுபக்க ஓரமாக ஓடினால் வலது கால் மேட்டிலும் இடது கால் பள்ளத்திலும் விழும். மேட்டில் விழுகிற கால்தான் உள்பக்கமாக அதிகம் சாயும். என் வலி வலது காலில் என்பதால் தடாகம் ரோட்டில் அந்த ஓரமாக ஓடும்போதெல்லாம் பழைய ஷூவில் கணுக்கால் முணுமுணுக்கும். வேண்டுமென்றே அதே ஓரத்தில் கயானோவைப் போட்டு ஓடிப் பார்த்தேன். சரிவு தெரியாமல் போகவில்லை; தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு அடியிலும் பாதம் உள்ளே போய் நிற்காமல் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்து படிக்கட்டு ஏறும்போதுதான் கவனித்தேன், வழக்கமான அந்த இழுப்பு இல்லை. (எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலதுபக்கம் ஓடுவதுதான் பாதுகாப்பு. என் வலது காலுக்கும் அதுதான் நல்லது. சோதனை முடிந்ததும் அந்தப் பக்கத்துக்கே வந்துவிட்டேன்.)

நீண்ட ஓட்டத்தின் கடைசிப் பகுதிதான் நான் இதற்குப் பணம் கொடுத்ததற்கான காரணம். ஞாயிற்றுக்கிழமைகளில் உக்கடம் பெரியகுளக் கரை வரை போய்த் திரும்புவோம். என்னோடு ஓடும் அக்கா ஒருவர் பின்னால் வருவார். “டீச்சர், உங்க வலது கால் உள்ளே மடங்குது பாருங்க” என்று திரும்பி வரும் வழியில் முன்பெல்லாம் சொல்வார். சோர்வு வந்தால் இடுப்புத் தசை தளர்ந்து, முழங்கால் உள்ளே வந்து, பாதமும் கூடவே சாயும். இந்த ஷூவில் அது ஒரேயடியாக நின்றுவிடவில்லை. ஆனால் மடங்கத் தொடங்கும் இடம் தள்ளிப் போயிருக்கிறது; அவரும் அதையேதான் சொல்கிறார். பயிற்சிகளைச் செய்துகொண்டிருப்பதால் எது ஷூவால், எது தசை வலுவால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் விடப் போவதில்லை.

இது எல்லோருக்குமான ஷூ இல்லை. ஆண்களுக்கான வழக்கமான அளவில் ஒரு ஷூவே 300 கிராம் இருக்கும். பெண்களுடையது சற்றுக் குறைவு. வேகப் பயிற்சிக்கு, குறுகிய வளைவுகளில் திரும்பி ஓடுவதற்கு இதைவிட இலகுவானவை இருக்கின்றன. பஞ்சு நிறைய வைத்த எந்த ஷூவையும் போல, நனைந்தால் காய நேரமெடுக்கும். ஆடி மாதத் தூறலில் ஓடுகிறவர்கள் மாற்று ஜோடி வைத்துக்கொள்வது நல்லது. வந்த புதிதில் விலை பதினைந்தாயிரத்துக்கு மேல். எங்களைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு அது யோசித்துச் செலவழிக்க வேண்டிய தொகை.

அதனால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சில கடைகளில் ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, வீடியோ எடுத்து, “அக்கா, உங்க கால் உள்ளே சாயுதுங்க, ஸ்டெபிலிட்டி ஷூதான் போடணும், இல்லேன்னா முட்டி போயிடும்” என்கிறார்கள். எனக்கும் சொன்னார்கள். இந்தப் பயமுறுத்தலுக்கு ஆதாரம் அவ்வளவு உறுதியாக இல்லை. டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்குச் சாதாரண ஷூவையே கொடுத்து ஒரு வருடம் கவனித்தார்கள். பாதம் அதிகம் சாய்கிறவர்களுக்குக் காயம் கூடுதலாக வரவில்லை. லக்சம்பர்க்கில் 372 பேரை வைத்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், சாய்வைக் கட்டுப்படுத்தும் அமைப்புள்ள ஷூ போட்டவர்களுக்குக் காயம் குறைந்தது. அந்தப் பலன் பாதம் சாய்கிறவர்களிடம்தான் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான்: பாதம் சாய்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பயப்பட வேண்டாம், வலி இருந்தால் இந்த வகையை முயன்று பார்க்கலாம். எதை எடுப்பது என்பதற்கு, ஓடும்போது உடம்பு இயங்கும் விதத்தை ஆராய்ந்த, கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்து பென்னோ நிக் பல ஆண்டுகளாக வலியுறுத்திய அளவுகோல்தான் எனக்கும் சரியாகப் படுகிறது. காலுக்கு எது சுகமாக இருக்கிறதோ அதுவே முதல் வழிகாட்டி.

அந்தச் சுகத்தை அவசரமில்லாமல் சோதிக்க வேண்டும். மாலையில் போங்கள், நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடப் போடும் சாக்ஸையே போட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். விரல்கள் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த அகலம் உங்களுக்குப் போதாது, எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பழைய ஷூவைக் கையோடு கொண்டுபோய் மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். உள்பக்கமாகச் சாய்ந்து நின்றால் கடைக்காரருக்கு வீடியோவைவிட அது அதிகம் சொல்லும்.

முப்பதுக்குப் பிறகு 2024இல் 31, 2025இல் 32 என்று அடுத்தடுத்து வந்துவிட்டன. புதியது வந்ததும் பழைய பதிப்பின் விலை இறங்கும். உங்கள் அளவில் 30 தள்ளுபடியில் கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். ஆனால் அகல அளவு வேண்டுகிறவர்கள் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கோவைக் கடைகளில் பெண்களுக்கான அகல அளவை நான் அலமாரியில் பார்த்தது அபூர்வம். எனக்கும் சொல்லிவைத்துத்தான் வரவழைத்தார்கள்.