தையலுக்கு முழு மார்க், வரிசைக்கு முட்டை

தக்கலைப் பக்கம் ஒரு பைண்டிங் கடையில் என் கையெழுத்துக் குறிப்புகளைக் கட்டக் கொடுத்தேன். 86 தாள். வரலாற்று வாத்தியாராக இருந்தபோது தொடங்கியது. எல்லாம் ஒரே ஆளைப் பற்றி, பிரான்சின் கர்தினால் ஏலி தெ தாலேரான். நம்மூர் மழையில் தாள் பதத்து, ராமபாணப் பூச்சி ஓட்டை போட ஆரம்பித்துவிட்டது.

வேலை சுத்தம். இழுத்தாலும் ஒரு தாள் அசையாத நூல் தையல், சிவப்புக் கலிக்கோ துணி அட்டை. 220 ரூபாய்க்குக் குறையே சொல்ல முடியாது.

கோளாறு கட்டிங் மெஷினில். ஓரத்தைச் சமப்படுத்துகிறேன் என்று மேல்மூலையில் இருந்த பக்க எண்களைச் சீவிவிட்டார்கள். அப்புறம் தைப்பதற்கு முன்னால் தாள் கட்டு சரிந்து வரிசை கலைந்திருக்கிறது.

வீட்டில் திறந்தால் முதல் தாளிலேயே கர்தினால் செத்துக் கிடக்கிறார்: அவிஞோன், 1364 ஜனவரி. நாலு தாள் தள்ளி, 1301இல் பெரிகோர் பிரபுவின் மகனாகப் பிறக்கிறார். 1331இல் கர்தினால் ஆனபிறகு 1324இல் லிமோஜ் ஆயர் ஆகிறார். அவரைக் கர்தினாலாக்கிய 22ஆம் யோவான் திருத்தந்தைதான் 1329இல் நம் பக்கத்துக் கொல்லத்துக்கும் ஆயரை நியமித்தவர்; அந்தத் தாளைத் தேடவே ஒரு மணி நேரம் போயிற்று.

ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய புவாத்தியே போர்தான் மோசம். திங்கட்கிழமை போர் முடிந்து பிரெஞ்சு மன்னர் ஜான் சிறைப்பட்டாயிற்று. அடுத்த தாளில் ஞாயிற்றுக்கிழமை, 1356 செப்டம்பர் 18. கர்தினால் இரண்டு படைக்கும் நடுவே குதிரையில் ஓடி ஓடிச் சமாதானம் பேசுகிறார். பிடித்த ஊர்களைத் தருகிறேன், ஏழு ஆண்டு ஆயுதம் எடுக்கமாட்டேன் என்று ஆங்கிலேய இளவரசர் இறங்கிவந்ததாக அந்தக் கால வரலாற்று எழுத்தாளர் ஃப்ருவாசார் எழுதுகிறார். மன்னரோ, இளவரசரே நூறு வீரரோடு சரணடைய வேண்டும் என்றாராம். வரிசையாகப் படித்தபோது கர்தினால்மேல் மரியாதைதான் இருந்தது. இப்படிப் படித்தபோது பாவமாக இருந்தது.

கடைக்காரர் சண்டைக்கு வரவில்லை. "சாரே, எல்லாத் தாளிலயும் தாலேரான் தாலேரான்னுதான் கிடக்கு. முன்னால எது, பின்னால எதுன்னு நான் எப்படிக் கண்டேன்?" என்றார். நியாயம்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்கிக் கொடுத்தேன். காசு வாங்காமல் பிரித்து மறுபடி தைத்தார். நீங்கள் கொடுப்பதானால் எண்ணை ஓரத்தில் போடாதீர்கள்.

இப்போதும் ஒரு தாள் தலைகீழ். கர்தினாலோடு வந்த சிலர் பிரெஞ்சுப் பக்கம் சேர்ந்து சண்டையிட்டதும், அதில் செத்த அவருடைய சகோதரி மகன் ராபர்ட்டின் உடலை இளவரசர் கேடயத்தில் கிடத்தி, கர்தினாலுக்கு 'வணக்கம்' சொல்லி அனுப்பியதும் அந்தத் தாளில்தான். மறுபடி பிரிக்கச் சொல்லவில்லை. அந்த இடம் வந்தால் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொள்கிறேன்.