பதினாறுக்கு அப்புறம் முப்பத்திரண்டா?

ஒரு வட்டம் வரைந்து அதன் விளிம்பில் இரண்டு புள்ளி வைத்து இணைத்தால் வட்டம் 2 துண்டாகும். மூன்று புள்ளி வைத்து ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் இணைத்தால் 4 துண்டு. நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறுக்கு? நான் பேனாவைத் தொடாமலே 32 என்று சொன்னவன். வரைந்து எண்ணினால் 31தான் வருகிறது. அதுவும் மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டாமல் பார்த்துக்கொண்டால். ஆறு புள்ளிகளையும் சம இடைவெளியில் வைத்தால் 30.

நான் கையாண்டது விதிவருமுறை: சில உதாரணங்களைப் பார்த்துப் பொதுவிதியை ஊகிப்பது. இதற்குப் போட்டி விதிவிளக்குமுறை. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட உண்மைகளிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு படியையும் தர்க்கத்தால் கட்டி முடிவுக்கு வருவது.

ஒரே கணக்கை இரண்டு கையிலும் கொடுத்துப் பார்க்கலாம். 1 முதல் ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் என்ன வரும்? முதல் முறை: 1, 1+3=4, 1+3+5=9, அடுத்தது 16, அப்புறம் 25. எல்லாம் வர்க்க எண்கள். ஒரு நிமிடத்தில் விதி கையில். இரண்டாம் முறை: பக்கத்துக்கு n புள்ளிகள் கொண்ட ஒரு புள்ளிச் சதுரத்தை எடுத்துக்கொள்வோம். அதை அடுத்த பெரிய சதுரமாக்க ஒரு பக்கத்தில் n புள்ளி, இன்னொரு பக்கத்தில் n, மூலையில் ஒன்று, ஆக 2n+1 வேண்டும். n ஒற்றைப்படை எண்களைக் கூட்டிய பிறகு வரிசையில் அடுத்து நிற்பதும் அதே 2n+1தான். ஆகவே இந்த விதி எந்த எண்ணிலும் உடையாது.

வேகத்தில் முதல் முறைக்குத்தான் வெற்றி. ஆனால் ‘ஏன்’ என்ற கேள்விக்கு அது எத்தனை ஆயிரம் உதாரணம் அடுக்கினாலும் பதில் சொல்லாது. இரண்டாம் முறையோ ‘ஏன்’ என்பதிலிருந்தே தொடங்குகிறது. ஆனாலும் 4, 9, 16 என்ற வரிசையை முதலில் பார்க்காமல் புள்ளிச் சதுரம் வரைய யாருக்குத் தோன்றியிருக்கும்?

நம்பகத்தன்மைதான் உண்மையான சண்டைக்களம். 3இல் தொடங்கி, ஒன்றைக் கழித்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் என்று போனால் வரும் 3, 5, 17, 257, 65,537 என்ற ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்களே என்று கணிதவியலர் ஃபெர்மா நம்பினார். 1732இல் இன்னொரு கணிதவியலரான ஆய்லர் அடுத்த எண்ணான 4,29,49,67,297ஐ 641ஆல் மீதியின்றி வகுத்துக் காட்டினார். ஐந்து உதாரணம் குறைவு என்கிறீர்களா? சரி, n²+n+41ஐப் பாருங்கள். n-க்கு 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் பகா எண் வரும். 40ஐப் போட்டால் 1681, அதாவது 41×41. நாற்பதும் போதாதா? 1919இல் கணிதவியலர் போல்யா எண்களைப் பற்றி முன்வைத்த ஓர் ஊகம் முதன்முதலில் பொய்ப்பதே 90,61,50,257 என்ற எண்ணில்தான். எத்தனை உதாரணம் போதும் என்பதற்கு விடையே கிடையாது. 2-க்கு மேற்பட்ட ஒவ்வோர் இரட்டைப்படை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை என்ற 1742ஆம் ஆண்டு கோல்ட்பாக் ஊகத்தை, 4-க்குப் பின்னால் 18 பூஜ்ஜியம் போட்ட எண் வரை சரிபார்த்துவிட்டார்கள். அதன் பெயரில் ‘ஊகம்’ இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அதற்காக விதிவிளக்குமுறையைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். முக்கோணத்தின் கோணங்களைப் பாகைமானியால் அளந்தால் 179 வரும், 181 வரும். உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று சொன்னால் துல்லியமாக 180. ஆனால் இந்த உறுதியெல்லாம் தளம் தட்டையாக இருக்கும்வரைதான். கோளத்தின் மேல் மூன்று செங்கோணங்கள் கொண்ட முக்கோணமே வரையலாம், கூட்டினால் 270. தொடக்கத்தில் எதை ஒப்புக்கொண்டோமோ, முடிவின் பலமும் அவ்வளவுதான்.

இடையில் ஒரு படி சறுக்கினாலும் அதே கதி. பூஜ்ஜியத்தால் வகுப்பதை நடுவில் ஒளித்து வைத்து 1=2 என்று ‘நிரூபிக்கும்’ பழைய விளையாட்டு தெரிந்ததே. அங்கே நம்மைக் காப்பாற்றுவது ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கும் பழக்கம். அதனால் நிரூபணம் எழுதி முடித்த பிறகும் இரண்டு, மூன்று எண்களைப் போட்டுப் பார்த்துவிடுவேன்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. பாடப்புத்தகத்தில் வரும் ‘கணிதத் தொகுத்தறிதல்’, பெயரைக் கேட்டால் உதாரணங்களைத் தொகுப்பதுபோல் இருந்தாலும், முழுக்க விதிவிளக்குமுறையைச் சேர்ந்தது. மேலே புள்ளிச் சதுரத்தில் செய்தது அதுவேதான்: முதல் எண்ணுக்கு விதி சரி, ஏதோ ஓர் எண்ணுக்குச் சரியென்றால் அதற்கு அடுத்த எண்ணுக்கும் சரி.

இனி அந்த வட்டத்துக்கு வருவோம். கோடே இல்லாதபோது 1 துண்டு. வரையும் ஒவ்வொரு கோடும் ஒரு துண்டைக் கூட்டும், அது முன்பிருந்த கோடுகளை வெட்டும் ஒவ்வோர் இடமும் இன்னொன்றைக் கூட்டும். எந்த நான்கு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றால் வட்டத்துக்குள் ஒரே ஒரு வெட்டுதான் உண்டாகும். ஆறு புள்ளிகளுக்கு 15 கோடு, ஆறிலிருந்து நான்கை 15 விதமாக எடுக்கலாம் என்பதால் 15 வெட்டு, ஆரம்பத்தில் இருந்த 1, மொத்தம் 31. இரட்டிப்பாவது என்ற விதி அங்கே எப்போதுமே இருந்ததில்லை. அப்புறம் 57, 99, 163 என்று போய், பத்துப் புள்ளிகளில் 256 வந்து நிற்கிறது. மறுபடியும் இரண்டின் அடுக்கு!