ஊட்டி–குன்னூர்: ஒரே மாநகராட்சியா, கூட்டுக் குழுமமா?

ஊட்டியிலிருந்து குன்னூருக்கு பஸ்ஸில் இறங்கினால் வழியெல்லாம் வீடுகள். நிர்வாகம்தான் மாறிக்கொண்டே வரும்: ஊட்டி நகராட்சி, கேத்தி, ஜெகதளா பேரூராட்சிகள், வெலிங்டன் கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்புப் பகுதி), குன்னூர் நகராட்சி.

எல்லாவற்றையும் ஒரே மாநகராட்சியாக்கலாம். சென்னை மாநகராட்சி 2011இல் அப்படித்தான் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தது. பணமும் பொறியாளர்களும் ஓரிடத்தில் சேரும், சரி. ஆனால் வார்டு பெரிதாகும், கவுன்சிலரைப் பிடிப்பதே பெரும்பாடாகிவிடும். கன்டோன்மென்ட்டோ மத்திய அரசின் கையில் இருக்கிறது.

இன்னொரு வழி, மன்றங்களை அப்படியே விட்டுவிட்டு குப்பை, குடிநீர், மலைச்சரிவு மூன்றுக்கும் ஒரு கூட்டுக் குழுமம் அமைப்பது. இப்போது ஊட்டிக் குப்பை தீட்டுக்கல் கிடங்குக்கும், குன்னூர்க் குப்பை ஓட்டுப்பட்டறை கிடங்குக்கும் தனித்தனியாகப் போகின்றன. கட்டட விஷயம் இன்னும் மோசம். மேலே ஓர் ஊரில் சரிவை வெட்டி மாடி எழுப்பினால், அடைமழையில் அந்த மண் கீழே அடுத்த ஊர்க்காரர் வீட்டுச் சுவரில்தான் வந்து விழும். மண்ணுக்கு ஊர் எல்லை தெரியுமா?

எனக்கு இரண்டாவதே சரியென்று படுகிறது. ஆனால் குழுமத்துக்குச் சொந்த நிதியும், கட்டட அனுமதியை மறுக்கும் அதிகாரமும் கொடுத்தாக வேண்டும்; இல்லாவிட்டால் அது வெறும் வரைபடம் போடும் அலுவலகம்தான். தெருவிளக்கு எரியவில்லையென்றால் கேத்திக்காரர் கேத்தியிலேயே மனு கொடுக்கட்டும்.