நாலு டிஸ்க் சர்வர் நிறைந்துவிட்டால்: ஐந்தாவது டிஸ்க்கா, பெரிய டிஸ்க்கா?

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் ஸ்டுடியோக்காரர்கள், பிரிண்டிங் டிசைனர்கள் வீட்டில் நான் அதிகம் பார்க்கும் சர்வர் இதுதான்: நாலு 4 டிபி ஹார்ட் டிஸ்க், அவற்றை ஒன்றாக்கி நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ், ஒரு டிஸ்க் பழுதானாலும் தாங்கும் ரெய்டு-இசட்1 அமைப்பு. பழுதான டிஸ்க்கின் டேட்டாவை மீட்க உதவும் பேரிட்டிக்கு ஒரு டிஸ்க் அளவு போக மிச்சம் 12 டிபி. சர்வர் திரை அதையே 1024 கணக்கில் 10.9 என்று காட்டும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது, அதில் 90 சதவீதம் நிறைந்திருப்பதற்குத்தான். 4கே வீடியோ விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் மணிக்கு 45 ஜிபி. கொங்குக் கல்யாணச் சடங்கான இணைச்சீரில் தொடங்கி ரிசப்ஷன் வரை ரெண்டு கேமரா எட்டு மணி நேரம் ஓடினால் ஒரே கல்யாணம் 720 ஜிபி.

கோபிசெட்டிபாளையத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: “ஏனுங்கண்ணா, இன்னொரு டிஸ்க் வாங்கிச் சொருகுனாப் போதாதுங்களா?” சொருகலாம். ஆனால் சொருகும் விதம் பல, ஒவ்வொன்றுக்கும் பின்விளைவு வேறு. ஒரு டிபிக்கு எத்தனை ரூபாய் என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வேலை முடிந்த பிறகு அதே டேட்டாவின் இரண்டாவது பிரதி கையில் இருக்கிறதா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் அந்தத் தம்பி சொன்ன வழி. ரெய்டு-இசட் தொகுப்பில் பின்னால் ஒரு டிஸ்க்கைச் சேர்க்கும் வசதி நெடுங்காலம் கிடையாது. 2025 ஜனவரியில் வெளியான ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3-இல்தான் அது முறையாக வந்தது. டவர் கேபினெட்டில் இடமும் மதர்போர்டில் ஒரு சாட்டா போர்ட்டும் மிச்சம் இருந்தால் ஐந்தாவது 4 டிபியைச் சேர்த்துவிடலாம், வேலை நடக்கும்போதே ஃபைல்களைத் திறக்கவும் முடியும். ஆனால் ஏற்கெனவே எழுதிய ஃபைல்கள் பழைய மூன்றுக்கு ஒன்று பேரிட்டி விகிதத்திலேயே கிடக்கும், புதிதாக எழுதுவதற்குத்தான் நாலுக்கு ஒன்று. கணக்குப் போட்டால், 10.8 டிபி நிறைந்த நம் பூலில் (டிஸ்க்குகள் சேர்ந்த மொத்த இடம்) டிஸ்க் சேர்த்ததும் காலி இடம் ஏறக்குறைய 4.5 டிபி. பழையதையும் மறுபடி எழுதிவிட்டால் 5.2. எழுதும்போது பழைய ஸ்னாப்ஷாட்கள் (ஃபைல்களின் அன்றைய நிலையைப் பிடித்து வைத்தவை) இருந்தால் அவை பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இன்னொரு குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது: ரெய்டு-இசட்1 எத்தனை டிஸ்க் ஆனாலும் இசட்1-தான், இரண்டு டிஸ்க் பழுதைத் தாங்கும் இசட்2 ஆகாது. டிஸ்க் எண்ணிக்கை கூடக் கூட, ஒன்று பழுதானால் மட்டுமே தாங்கும் அமைப்பு எனக்கு நிம்மதி தருவதில்லை. லினக்ஸின் எம்டி ரெய்டு இந்த விஷயத்தில் மேல், அதில் டிஸ்க் சேர்க்கும்போது ஒரு பழுதைத் தாங்கும் ரெய்டு 5-ஐ இரண்டைத் தாங்கும் ரெய்டு 6 ஆக மாற்ற முடியும்.

இரண்டாவது வழி, நாலு டிஸ்க்கையும் ஒவ்வொன்றாகப் பெரியதாக மாற்றுவது. 4 டிபிக்குப் பதில் நாலு 12 டிபி போட்டால் 36 டிபி ஆகும். பூலில் இடத்தைத் தானாக விரிக்கும் ஆட்டோஎக்ஸ்பாண்டை ஆன் செய்திருக்க வேண்டும். ஆனால் கடைசி டிஸ்க் மாறும் வரை ஒரு ஜிபி கூட அதிகமாகாது. சினாலஜி கம்பெனியின் சர்வர் பெட்டியில், வேறுவேறு அளவு டிஸ்க்கைச் சேர்க்கவிடும் எஸ்எச்ஆர் அமைப்பை வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. இரண்டை மட்டும் 8 டிபியாக மாற்றினாலே 12 டிபி 16 ஆகிவிடும். பணம் வரவர வாங்கிப் போடுகிறவர்களுக்கு அது நிஜமான வசதி.

இந்த வழியின் ஆபத்தைப் பலர் யோசிப்பதில்லை. நாலு பே (டிஸ்க் மாட்டும் இடம்) மட்டுமே உள்ள பெட்டியில் ஒரு டிஸ்க்கைக் கழற்றிப் புதியதைப் போடும் அந்த இரவு முழுக்கப் பாதுகாப்பு பூஜ்யம். மிச்சமுள்ள மூன்று பழைய டிஸ்க்கும் முழு மூச்சில் படிக்கப்படும். அப்போது ஒன்று படுத்தால் எல்லாம் போயிற்று. இப்படி நாலு முறை. போர்ட் மிச்சம் இருந்தால் பழையதைக் கழற்றாமலே புதியதைப் பக்கத்தில் இணைத்து ரீப்ளேஸ் கொடுங்கள். வேலை முடியும் வரை பழையதும் பூலில் இருக்கும். போர்ட் இல்லையென்றால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் யுஎஸ்பி டாக் போதும்.

டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர் வகையா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எழுதப்படுவதால், ரீபில்டு (மாற்றிய டிஸ்க்கில் டேட்டாவை மறுபடி எழுதுவது) போன்ற தொடர் எழுத்தில் வேகம் படுத்துவிடும். 2020-இல் டபிள்யூடி ரெட் வரிசையின் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்து பெரிய சர்ச்சை ஆனது. அதன் பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது.

இனி யுஎஸ்பி பெட்டி. நாலு டிஸ்க் போடும் வெளிப்பெட்டியை வாங்கி அதிலும் ஒரு பகுதி பூலை விரிக்கலாம் என்று கடையில் சொல்வார்கள். வேண்டாம். அந்தப் பெட்டிக்குத் தனி அடாப்டர், அது பெரும்பாலும் யுபிஎஸ்ஸில் இருக்காது. கரண்ட் போய் வரும் ஒரு நொடியில் பாதிப் பூல் காணாமல் போகும். பேக்கப் வைக்க மட்டும் யுஎஸ்பி நல்லதே.

எச்பிஏ கார்டு போட்டு டிஸ்க் எண்ணிக்கையைக் கூட்டுவது டவர் வைத்திருப்பவர்களுக்கு நல்ல வழி. எல்எஸ்ஐ 9211-8ஐ போன்ற பழைய கார்டு, டிஸ்க்குகளை நேரடியாகக் காட்டும் ஐடி மோடு ஃபர்ம்வேருடன், எட்டு டிஸ்க் எடுக்கும். ஆனால் அது சர்வர் காற்றோட்டத்துக்குச் செய்த கார்டு, அதன் மேல் ஒரு ஃபேன் கட்டாயம். டிஸ்க் ஒன்று சும்மா சுற்றினாலே சுமார் 5 வாட். இரண்டு மாத ரீடிங்கில் அது 7.2 யூனிட். நாலு டிஸ்க் கூடினால் 29 யூனிட் கூடும். அதைவிடப் பெரிய கவலை வெப்பம். ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது எட்டு டிஸ்க்கை நெருக்கமாக அடுக்குவது நல்லதல்ல. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் பக்கத்து வீடுகளில் பஞ்சுத் தூசி ஃபில்டரை அடைத்துவிடும், ஃபேன் ஓடும் ஆனால் காற்று உள்ளே போகாது.

தனித்தனி டிஸ்க்குகளுக்குப் பேரிட்டி போடும் ஸ்னாப்ரெய்டும், அவற்றை ஒரே இடமாகக் காட்டும் மெர்ஜர்எஃப்எஸ்ஸும் சேர்ந்த அமைப்பை நம் ஆட்கள் ஏனோ கவனிப்பதில்லை. டிஸ்க்குகள் வேறுவேறு அளவில் இருக்கலாம். பேரிட்டி டிஸ்க் மட்டும் மற்றவற்றில் பெரியதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் போதும். பேரிட்டி தாங்கும் அளவைத் தாண்டி டிஸ்க் செத்தாலும், செத்தவற்றின் ஃபைல்தான் போகும், மிச்சத்தைத் தனியாகக் கழற்றிப் படிக்கலாம். டெலிவரி முடிந்து இனி மாறாத கல்யாண ஃபைல்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். தினமும் எடிட் ஆகும் ப்ராஜெக்ட்டுக்குப் பொருந்தாது, பேரிட்டியைப் புதுப்பிக்கும் சிங்க் கடைசியாக ஓடிய பிறகு எழுதியதற்குப் பாதுகாப்பு இல்லை. அன்ரெய்டு என்ற சர்வர் மென்பொருளுக்கும் இதே பேரிட்டி விதிதான். அதில் பாதுகாப்பு உடனுக்குடன் கிடைக்கும், எழுதும் வேகம் குறையும், லைசென்ஸுக்குப் பணம் கட்ட வேண்டும்.

என் தேர்வு இவை எதுவும் அல்ல. இரண்டு 16 டிபி டிஸ்க் வாங்கி, இரண்டிலும் ஒரே டேட்டா இருக்கும் மிரர் ஆகப் புதிய பூல் போட்டு, பழைய பூலிலிருந்து இசட்எஃப்எஸ்ஸின் சென்ட்-ரிசீவ் மூலம் நகல் எடுப்பது. மிரரில் பாதி இடம் போய்விடுகிறதே என்பார்கள். உண்மைதான், 32 வாங்கி 16 கிடைக்கிறது. ஆனால் பழைய நாலு டிஸ்க்கும் வெளியே போய்விடுவதால் நாலு பே சர்வரில் இரண்டு பே காலியாகிறது. அடுத்த முறை இன்னொரு ஜோடி போட்டால் ரீபில்டே இல்லாமல் அந்த நிமிடமே இடம் கூடும். ஜோடியில் ஒன்று செத்தால் ஒரே ஒரு டிஸ்க்கைப் படித்துச் சரியாகிவிடும். ஒன்று மட்டும் கவனம்: புதிய ஜோடியைச் சேர்க்கும்போது தனி டிஸ்க்கைத் தவறியும் பூலில் சேர்த்துவிடக் கூடாது, அது செத்தால் முழுப் பூலும் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய நாலு டிஸ்க் பூல் தொடாமல் அப்படியே நிற்கிறது. அதை ஒரு பழைய கம்ப்யூட்டரில் மாட்டினால் அதுதான் பேக்கப். ஒரே செலவில் இடமும் கூடியது, இரண்டாவது பிரதியும் வந்தது. ஐந்தாவது டிஸ்க்கைச் சொருகும் வழியில் இது கிடைக்காது. ரெய்டு என்பது பேக்கப் அல்ல. தவறுதலாக அழித்தால், இடி விழுந்து சர்வரே எரிந்தால், பேரிட்டி எதையும் மீட்டுத் தராது. ஒரு வீட்டின் இணைச்சீரை இன்னொரு முறை நடத்திப் படம் பிடிக்க முடியாது. அடுத்தவர் வீட்டு நினைவை வைத்துக் காசு வாங்குகிறவருக்கு அதைக் காக்கிற கடமையும் உண்டு.

எப்போது செய்வது? ஆடியில். முகூர்த்தம் இல்லை, ஸ்டுடியோவில் வேலை குறைவு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் வெயிலும் தணிந்திருக்கும். தொடங்கும் முன் பழைய பூலில், எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஒன்றை ஓட்டிப் பிழை இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதிய டிஸ்க்குகளுக்கு, டிஸ்க் தன்னையே முழுக்கச் சோதிக்கும் லாங் ஸ்மார்ட் டெஸ்ட் ஓடட்டும், பழுதான டிஸ்க்கைக் கடையில் மாற்ற அதுவே சரியான நேரம். கிகாபிட் நெட்வொர்க்கில் 10.8 டிபி நகர ஒரு நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாகும். முடிந்ததும் புதிய பூலிலும் ஒரு ஸ்க்ரப். பிறகு பழைய டிஸ்க்குகள் மாட்டிய கம்ப்யூட்டரை வீட்டில் வைக்காமல் தோட்டத்துச் சாளைக்கோ மாமனார் வீட்டுக்கோ கொண்டுபோய், மாதம் ஒருமுறை ஆன் செய்து புதியதை மட்டும் அனுப்பிக்கொண்டால் போதும்.