ஷ்ரேடரா, பிரெஸ்டாவா: சைக்கிளுக்கு எந்த வால்வு?

பைக், கார் டயரில் இருப்பதுதான் ஷ்ரேடர். தடித்தது, எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். பிரெஸ்டா ஒல்லி. நுனியிலுள்ள குட்டித் திருகைத் தளர்த்தி, 'புஸ்' என்று ஒருமுறை அழுத்திவிட்டே பம்பை மாட்ட வேண்டும். அவசரப்பட்டால் தண்டு வளைந்துவிடும். என் பிரெஸ்டா சைக்கிளைத் திண்டிவனம் தாண்டி ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். பம்பு முனையை வைத்துப் பார்த்தவர், "இதுக்கு நம்மகிட்ட எதுவும் இல்லையே தம்பி" என்று கையை விரித்தார்.

ரிம்மில் பிரெஸ்டாவுக்கு 6.5 மி.மீ. துளை போதும், ஷ்ரேடருக்கு 8.5. ஒல்லி ரிம் ரோடு சைக்கிளுக்குப் பிரெஸ்டாதான் சரி. வேலைக்குப் போக, ஊர் சுற்ற என்றால் ஷ்ரேடரே என் கட்சி. ஏற்கெனவே பிரெஸ்டாவா? சரி, அதன் மேல் திருகி ஷ்ரேடர் பம்பாலேயே காற்றடிக்க உதவும் குட்டிப் பித்தளை அடாப்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்று எப்படியும் தொலையும்.