சமையலறை வாசலுக்கு ரெடிமேட் கேட்டா, அரைக்கதவா?

வீட்டில் வைத்துப் பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்குச் சமையலறை வாசல் பெரிய கவலை. எங்கள் சென்னை ஃபிளாட்டில் அதற்குக் கதவே கிடையாது, நிலை மட்டும்தான். பகலில் வரும் பிள்ளைகள் எல்லோரும் இரண்டு வயதை ஒட்டியவர்கள். முதலில் கடையில் விற்கும் சேஃப்டி கேட் மாட்டியிருந்தோம். இப்போது இருப்பது தச்சர் செய்துகொடுத்த அரைக்கதவு. நான் அரைக்கதவின் பக்கம்தான்.

ரெடிமேட் கேட்டுக்குத் துளை போட வேண்டாம், வீட்டுக்காரரைக் கேட்க வேண்டாம், வீடு மாறினால் கழற்றி எடுத்துப் போகலாம். ஒரே குழந்தை உள்ள வீட்டுக்கு அதுவே போதும்.

சிக்கல் அது நிற்கும் விதத்தில் இருக்கிறது. நான்கு மூலையிலும் உள்ள திருகுகள் ரப்பர் குமிழ்களை நிலையில் அழுத்திக்கொண்டு நிற்கும். வேறு பிடிமானம் இல்லை. எங்களைப் போன்ற வீட்டில் பால் காய்ச்ச, சாதம் குழைக்க, பாட்டில் கழுவ என்று நாள் முழுக்க அதைத் திறந்து மூடுவோம். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து கம்பியைப் பிடித்து உலுக்குவார்கள். திருகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். பார்த்தால் தெரியாது, மேல் கம்பியைக் கையால் தள்ளினால்தான் ஆட்டம் தெரியும். தினமும் காலையில் முதல் பிள்ளை வருவதற்குள் நான்கு திருகையும் சோதித்தாக வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனாலும், கேட் இருக்கிறதே என்ற தைரியத்தில் நாம் அடுப்புப் பக்கம் திரும்பி நிற்போம். அதுதான் எனக்குப் பயம்.

அப்புறம், இந்த வகை கேட்டில் வாசலுக்குக் குறுக்கே தரையோடு ஒரு கம்பி ஓடும். இடுப்பில் குழந்தை, கையில் சூடான பாத்திரம் என்று போகிறவர்களின் காலை அது தட்டிவிடும்.

அரைக்கதவில் அந்தக் கம்பி இல்லை. கீல் நிலையில் திருகாணியால் இறுகியிருப்பதால் உலுக்கினாலும் அசையாது. மூன்றடி உயரம் வைத்தோம். உள்ளிருந்தபடியே கூடத்தைப் பார்க்கலாம். குறுக்குச் சட்டம் வெளிப்பக்கம் வேண்டாம், பிள்ளைகள் அதில் கால் வைத்து ஏறுவார்கள். கம்பி வைப்பதானால் நெடுக்காக, 6 செ.மீ.க்கும் குறைவான இடைவெளியில். தாழ்ப்பாள் சமையலறைப் பக்கம், பெரியவர் மேலிருந்து கைவிட்டுத் திறக்கும்படி.

இதற்கும் பராமரிப்பு உண்டு. ஐப்பசி மழையில் பலகை ஊதி நிலையில் உரசும். ஓரத்தை இழைக்க வேண்டும். கீல் பக்க இடுக்கில் விரல் நசுங்காமல் ரப்பர் பட்டை அடிக்க வேண்டும். வாடகை வீடென்றால் திருகாணி போட முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். இவையெல்லாம் எப்போதாவது வரும் வேலைகள். திருகு பார்ப்பதுபோல் அன்றாடக் கவலை இல்லை.

எங்கள் வீட்டுக்குள் மாடிப்படி இல்லாததால் அதைப் பற்றி அனுபவத்தில் சொல்ல முடியாது. ஆனால் அழுத்தி நிற்கும் கேட்டைப் படியின் மேல்தலையில் மாட்டவே கூடாது. சுவரில் திருகிப் பொருத்தும் வகைதான் அங்கே வேண்டும்.

குளியலறைக்கு இரண்டுமே சரிப்படாது. முழுக்கதவின் வெளிப்புறம், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். இந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். வாளிக்குள் தலைகுப்புற விழும் குழந்தையால் தானாக எழ முடியாது. இரண்டு அங்குலத் தண்ணீரே உயிரைப் பறித்துவிடும், சத்தம்கூட வராது. பிடித்து வைத்த தண்ணீர் மூடி இறுகும் டிரம்மில் இருக்கட்டும், காலி வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள்.