பெர்லினில் சிறு குழந்தைகளோடு: கிட்டாவா, டாகெஸ்முட்டரா, பாட்டியா?

வேலை உறுதியானதும் பெர்லினுக்குக் கிளம்பத் தயாராகும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது வீட்டு வாடகையைப் பற்றி. அடுத்து குளிரைப் பற்றி. பகலில் பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்வி மட்டும், வந்து இறங்கி இரண்டு மாதம் ஆன பிறகு, அழாக்குறையாகத் தொலைபேசியில் வருகிறது. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பிள்ளை எங்கே போகிறது என்பதைப் பொறுத்துத்தான் இந்த ஊரில் அம்மா அப்பாவின் நாட்களும் அமைகின்றன.

நாங்கள் வந்தது ஓர் அக்டோபர் மாதம். மகளுக்கு மூன்றரை வயது, மகனுக்கு ஒன்றேகால். மகளைக் கிட்டாவில் சேர்த்தோம். ஜெர்மானியர் குழந்தைகள் காப்பகத்தையும் பாலர் பள்ளியையும் சேர்த்து அழைக்கும் பெயர் அது. மகன் முதலில் ஒரு டாகெஸ்முட்டரிடம் போனான், அதாவது தன் வீட்டிலேயே சில குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் உரிமம் பெற்ற பெண்மணியிடம். இடையில் என் அம்மா திருச்சியிலிருந்து வந்து தங்கியிருந்தார். ஆக மூன்று வழிகளையும் ஒரே வீட்டில் பார்த்துவிட்டேன். நான்காவதான ஆங்கிலவழிப் பன்னாட்டுப் பாலர் பள்ளியில் பணம் கட்டும் கட்டம் வரை போய்த் திரும்பினோம்.

முதலில் சட்டம். இங்கே முறையாகக் குடியிருக்கும் குழந்தைக்கு ஒரு வயது நிறைந்தால் பகல்நேரப் பராமரிப்பில் இடம் பெறும் உரிமை 2013 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெர்லினில் அந்த உரிமை ஒரு சீட்டாகக் கைக்கு வரும். கிட்டா குட்ஷைன் என்பார்கள். உங்கள் வட்டாரத்தின் யூகெண்ட்அம்ட் என்ற இளையோர் நல அலுவலகத்தில் விண்ணப்பித்தால் நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று குறித்துக் கொடுப்பார்கள். 2018 ஆகஸ்ட் முதல் பெர்லினில் கிட்டாவுக்குக் கட்டணம் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு மாதம் 23 யூரோ மட்டும். சில இடங்களில் காலை உணவு போன்றவற்றுக்குத் தனியே சிறு தொகை கேட்பார்கள். அதே சீட்டு டாகெஸ்முட்டருக்கும் செல்லும். இது பெர்லின் கணக்கு. மற்ற மாநிலங்களில் கட்டணம் வேறு மாதிரி.

உரிமைச் சீட்டு கையில் இருப்பது வேறு, இடம் கிடைப்பது வேறு. நாங்கள் முப்பதுக்கும் மேற்பட்ட கிட்டாக்களுக்கு எழுதினோம். பாதிக்கு மேல் பதிலே இல்லை. கடைசியில் இடம் கிடைத்தது மின்னஞ்சலால் அல்ல. வீட்டிலிருந்து ஆறு நிமிட நடையில் இருந்த கிட்டாவின் வாசலில், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, எழுதிப் பழகிய நான்கு ஜெர்மன் வாக்கியங்களோடு மூன்றாம் முறையாக நின்றபோது கிடைத்தது.

சேர்ந்த பிறகுதான் பெரிய வியப்பு காத்திருந்தது. நம் ஊரில் முதல் நாளே அழும் பிள்ளையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவார்கள். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவாள். இங்கே ஐன்கெவோனுங் என்று ஒரு பழக்கப்படுத்தும் காலம் உண்டு. பல கிட்டாக்கள் பின்பற்றும் பெர்லின் முறையில் முதல் மூன்று நாளும் பெற்றோரில் ஒருவர் குழந்தையோடு அறையிலேயே இருக்க வேண்டும், தினம் ஒரு மணி நேரம் போல. பிரிவு கிடையாது. நான்காம் நாள் சில நிமிடங்கள் வெளியே போகச் சொல்வார்கள். குழந்தை தேறவில்லை என்றால் உடனே கூப்பிட்டுவிடுவார்கள். நான்காம் நாள் திங்கட்கிழமையாக விழுந்தால், வார விடுமுறைக்குப் பிறகு உடனே பிரிக்கக் கூடாதென்று மறுநாளுக்குத் தள்ளிவைப்பார்கள். எல்லாம் முடிய இரண்டு மூன்று வாரம் ஆகும். எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது.

வேலையில் சேர்ந்த புதிதில் இத்தனை நாள் எங்கே போவது என்று கணவர் தவித்தார். ஆனால் முழங்கால் உயரமே இருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்த அந்த வாரங்களில்தான் இந்த ஊர் எனக்குப் பிடிபட்டது. பிள்ளைகள் ஆசிரியையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ஒருமையில் பேசுகிறார்கள், அது மரியாதைக்குறைவு இல்லை. மழை பெய்தால் உள்ளே ஓடுவதில்லை. மழைக்கால்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள். எழுத்து தெரியாத பிள்ளைகளுக்காக ஒவ்வொரு கோட்டு மாட்டும் கொக்கிக்கு மேலும் ஒரு படம் ஒட்டியிருக்கும். என் மகளுக்கு முள்ளெலி. தன் பெயரை ஜெர்மன் வாயில் சரியாகக் கேட்பதற்கு முன்பே, இங்கே தனக்கென்று ஓர் இடம் உண்டு என்று அந்த முள்ளெலியைப் பார்த்துத்தான் அவள் புரிந்துகொண்டாள்.

இரண்டாம் வாரம் ஆசிரியை என்னிடம் ஒரு தாளை நீட்டி, உங்கள் மொழியில் அவசியமான சொற்களை எழுதிக் கொடுங்கள் என்றார். தண்ணீர், போதும், வலிக்கிறது, தூக்கம், மூச்சா என்று பத்துச் சொற்களை ஜெர்மன் எழுத்தில் எழுதி, எதிரே பொருளையும் எழுதிக் கொடுத்தேன். அந்த வாரமே உடை நனைவது நின்றது. இதை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே எழுதிக் கொண்டு போங்கள். நான் பார்த்த வரையில் இதற்கு இணையான உதவி வேறில்லை.

கிட்டாவின் கடினமான பக்கம் நோய். முதல் குளிர்காலத்தில் மகள் ஒரு வாரம் போவாள், ஒரு வாரம் படுப்பாள். இதற்கும் ஏற்பாடு இருக்கிறது. அரசு மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு, பிள்ளைக்கு நோய் என்று விடுப்பு எடுத்தால் ஊதியத்தின் பெரும்பகுதியைக் காப்பீடு தரும். 2024இல் இது பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிள்ளைக்கு 15 வேலை நாள் ஆனது. தனியார் காப்பீட்டில் இது கிடையாது. சந்தா குறைவு என்று தனியார் காப்பீட்டுக்குப் போகும் மென்பொருள் துறை இளம் பெற்றோர் இதை யோசிப்பதே இல்லை. சிறு பிள்ளைகள் இருந்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

டாகெஸ்முட்டர் வீட்டில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் ஐந்து குழந்தைகள். அங்கே மகன் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டான். ஒரே முகம், ஒரே மடி, அடுப்பில் கொதிக்கும் காய்கறிச் சூப்பின் வாசனை. பேச்சே வராத ஒன்றேகால் வயதுக்கு இதைவிட இதமான இடம் இல்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் பிப்ரவரியில் அந்த அம்மையார் இரண்டு வாரம் படுத்துவிட்டார். மாற்று ஆள் என்று சொல்லப்பட்டவரை மகன் அதற்கு முன் பார்த்ததே இல்லை. நான் வீட்டில் உட்கார்ந்தேன். கிட்டாவில் ஓர் ஆசிரியை வராவிட்டால் குழுக்களைச் சேர்த்து எப்படியோ சமாளிப்பார்கள். இங்கே ஒருவர் படுத்தால் ஐந்து வீடுகள் நின்றுவிடும். மூன்று வயதில் கிட்டாவுக்கு மாறும்போது பழக்கப்படுத்தும் படலம் திரும்பவும் முதலிலிருந்து வரும். ஏற்கெனவே ஒரு நாட்டையே மாற்றிக்கொண்ட பிள்ளைக்கு இன்னொரு மாற்றம் லேசானது அல்ல. ஆகவே ஒன்றரை வயதுக்குக் கீழ் என்றால் டாகெஸ்முட்டர். இரண்டைத் தாண்டிவிட்டால் நேரே கிட்டா. இது என் கணிப்பு.

இனி பாட்டி. ஊரில் எல்லாரும் முதலில் சொல்லும் யோசனை இதுதான்: அம்மாவை வரவழைத்துக்கொள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள் மட்டுமே தங்க முடியும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் வேண்டும். என் அம்மா நவம்பர் கடைசியில் வந்தார். டிசம்பரில் பெர்லினில் சூரியன் நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். மின்தூக்கி இல்லாத பழைய கட்டடத்தில் நான்காம் மாடி. வாசலில் உறைந்த பனி. திருச்சியில் விடிகாலையில் கோலம் போட்டு, பால்காரரிடம் பேசி, மாலையில் கோயிலுக்குப் போய்வந்த மனுஷி, நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து பேரப்பிள்ளையின் காலை உருவிக்கொண்டிருந்தார். ஒரு நாள், "உன் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன். என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது.

பாட்டி திரும்பிப் போகிற நாளில் பிள்ளை எதிலும் சேராமல், ஒரு ஜெர்மன் சொல்லும் காதில் விழாமல், மறுபடி ஆரம்ப இடத்தில் நிற்கும். ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது கட்டாயம். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கச் சட்டம் இடம் தராது. பெர்லினில் செப்டம்பர் 30க்குள் ஆறு வயது நிறைகிற பிள்ளை அந்த ஆண்டே முதல் வகுப்பு. கிட்டாவுக்குப் போகாத பிள்ளைகளைப் பள்ளிக்கு முன்பே மொழித் தேர்வுக்கு அழைத்து, ஜெர்மன் போதாது என்றால் மொழிப் பயிற்சிக்கு வரச் சொல்வார்கள். ஆகவே பாட்டியைக் கிட்டாவுக்குப் பதிலாக வரவழைக்காதீர்கள். பிள்ளை கிட்டாவில் ஊன்றிய பிறகு, மே மாதத்தில் வரவழையுங்கள். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், பூங்காவில் நடக்கலாம், பேரப்பிள்ளையை மாலையில் அவரே கூட்டிவரலாம். அடுத்த முறை அம்மா அப்படித்தான் வந்தார். மூன்று மாதமும் கதை, பாட்டு, பருப்புச் சோறு என்று வீடு நிறைந்திருந்தது.

ஆங்கிலவழிப் பள்ளியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இரண்டு வருட ஒப்பந்தம், பிறகு ஊருக்கோ வேறு நாட்டுக்கோ நிச்சயம் போகிறோம் என்றால் அது நல்ல வழி. அப்படியே போவதானாலும் குட்ஷைனை ஏற்கும் இருமொழிக் கிட்டாக்களை முதலில் தேடுங்கள். முழுத் தனியார் பள்ளியின் மாதக் கட்டணம் கையைக் கடிக்கும். நாங்கள் திரும்பியதற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. அங்கே படிக்கும் பிள்ளைகள் ஊரின் எல்லா மூலைகளிலிருந்தும் வருகிறார்கள். சனிக்கிழமை எங்கள் தெருமுனை விளையாட்டுத் திடலில் என் மகளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இருந்திருக்காது. கிட்டாவுக்குப் போனதால் அந்தத் திடலில் அவளுக்கு நான்கு தோழிகள், எனக்கு அவர்களின் அம்மாக்கள். எந்தக் குழந்தை மருத்துவர் புதியவர்களைச் சேர்த்துக்கொள்கிறார், பழைய பனி உடை எங்கே மலிவு என்பதையெல்லாம் எனக்குச் சொன்னவர்கள் அவர்கள்தான்.

தமிழ் போய்விடாதா என்று கேட்பவர்களுக்கு: போகாது, வீட்டில் நீங்கள் விடாதவரை. எங்கள் கிட்டாவில் முதல் சந்திப்பிலேயே சொன்னார்கள், வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள், ஜெர்மனை எங்களிடம் விடுங்கள் என்று. பிள்ளைக்காக நாம் தட்டுத்தடுமாறி ஜெர்மன் பேச ஆரம்பித்தால் இரண்டுமே கெடும். ஜெர்மனியின் பல நகரங்களில் ஈழத்தமிழர்கள் கட்டி வளர்த்த தமிழாலயங்கள் வார இறுதிகளில் தமிழ் வகுப்பு நடத்துகின்றன. போரில் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் பிள்ளைகளுக்காக உண்டாக்கிய வகுப்புகள் அவை. வேலைக்கென்று விமானம் ஏறி வந்த நாம் அங்கே நன்றியோடு போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். வீடு எந்தப் பகுதி என்று தெரிந்த அன்றே, நடந்து போகும் தூரத்தில் உள்ள கிட்டாக்களுக்கு ஊரிலிருந்தே எழுதிவிடுங்கள். வந்து முகவரியைப் பதிவு செய்ததும் குட்ஷைனுக்கு விண்ணப்பியுங்கள். தடுப்பூசி அட்டையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். 2020 மார்ச்சிலிருந்து தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கிட்டாவிலும் சேர்க்க மாட்டார்கள், டாகெஸ்முட்டரும் ஏற்க மாட்டார். ஒரு வயதுக்கு மேல் ஓர் ஊசி, இரண்டுக்கு மேல் இரண்டு. வேலையில் சேரும் தேதியைப் பேசும்போதே, அம்மா அப்பாவில் ஒருவருக்கு முதல் ஆறு வாரமாவது பகல் நேரம் கையில் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். மழைக்கால்சட்டையை மட்டும் இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். உள்ளே கனத்த உடை போடும் இடம் வேண்டும், ஆகவே ஓர் அளவு பெரிதாக.